தேடுவோர்க்கு வழி வகுத்த மேதாவி

பேச்சிப்பாறையில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. வேண்டிய வயலுக்கு வேண்டிய வேளையில் அது வந்து பாய வேண்டும். நாஞ்சில் நாட்டு உழவர் நன்கறிந்த இவ்வுண்மையைப் புஸ்தக உலகத்தில் நிலைநாட்டியவர் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன்.

1892-ஆம் வருஷம் பிறந்த இவர் கணித ஆசிரியர். 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் நூலகராக நியமனம் பெற்றார். அவ்வேலையில் முதலில் அவருக்கு மனம் பற்றவில்லை. பயிற்சிக்காக லண்டன் சென்ற பின்னரே பற்று உண்டாயிற்று. அக்காலத்துப் பகுப்பு முறைகள் ஒவ்வொரு நூலையும் முன்னரே வகுத்த ஓர் அறைக்குள் அடைக்க முயன்றன. நெற்பயிரின் நோயைப் பற்றிய நூல் பயிருக்கு உரியதா, நோய்க்கு உரியதா? சில உலோகத் துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பலவகைப் பொம்மைகள் செய்வதை லண்டன் கடையொன்றில் கண்ட அவருக்கு விடை கிட்டிற்று. விஷயத்தைப் பயிர், நோய், இடம், காலம் எனக் கூறு கூறாகப் பிரித்து, வேண்டியவாறு இணைக்கலாம் அன்றோ? 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இவ்வாறு பிறந்தது. அதற்கு முன்பே, 1931-ல், நூலகத்தின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். புஸ்தகம் பூட்டி வைப்பதற்கன்று, பயனுக்கே என்பது முதல் விதி. வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது.

இணையத்தில் தேடுவோர்க்கும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. 1990-களின் ஆதித் தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களையே எண்ணின. பயனற்ற பக்கங்கள் முன்வந்து நின்றன. 1998-ல் ஸ்தாபிக்கப்பெற்ற கூகுள், ஒரு பக்கத்தை மற்றப் பக்கங்கள் எவ்வளவு சுட்டுகின்றன என்பதையும், சுட்டுபவற்றின் மதிப்பையும் எடைபோட்டது. பின்னர் கேட்பவரின் கருத்தையே ஆராயும் முறைகளும் வந்தன. இவையெல்லாம் ரங்கநாதனிடம் கற்றவை என்று நாம் சொல்லவில்லை. தேடுபவரின் தேவையே முதன்மை என்பதை அவர் முன்னரே கண்டார் என்கிறோம்.

ஆயினும் ஒரு பேதமுண்டு. ரங்கநாதனின் முறை அச்சில் உள்ளது, யாரும் பரிசோதிக்கலாம். தேடுபொறி எதை முதலில் நிறுத்துகிறது, ஏன் நிறுத்துகிறது என்பதன் முழு விவரமோ வியாபார ரகசியம். பக்கத்திலேயே விளம்பரமும் நிற்கிறது. மடையின் திறவுகோல் தனியார் கையில் இருந்தால் கடைமடைக்காரன் கதி என்ன?

இதற்கு மாற்று, ஜனங்களுக்குச் சொந்தமான நூலகமே. ரங்கநாதனின் இடைவிடா முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில் நாடு, 1956 நவம்பர் 1-ல்தான் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. போராடிப் பெற்ற மண்ணில் அறிவு எல்லோர்க்கும் பாய வேண்டாமா? 1972-ல் மறைந்த அம்மேதாவிக்குச் சிலை வேண்டுவதில்லை. ஊர்தோறும் நூலகம் ஒழுங்காகத் திறந்திருக்கட்டும். தமிழ் நூல்கள் முறையாகப் பகுக்கப்படட்டும். அதுவே நாம் அவருக்குச் செய்யும் கைம்மாறு.