வெறுங்காலில் நின்ற சீனச் சுவர்!

குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறைக் கடற்கரைக்கு மாலை நேரத்தில் போனால் ஒரு காட்சியைக் காணலாம்.

வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். மணலில் சிறுவர்கள் பந்து விளையாடுவார்கள். காலில் செருப்புகூட இராது. எல்லோருக்கும் ஒரே ஆசை. பந்தை உதைத்துக் கோல் போட வேண்டும்!

பின்னால் நின்று தடுப்பதற்கு யாரும் எளிதில் முன்வருவதில்லை. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். தடுத்தவனை யார் நினைப்பது?

ஆனால், தன் வாழ்நாளெல்லாம் பின்னால் நின்று தடுத்தே பேர் வாங்கிய ஒருவர் நம் நாட்டில் இருந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பூட்ஸ் காலோடு பாய்ந்து வந்தார்கள். அவர் வெறுங்காலோடு எதிர்த்து நின்றார். அவருக்குக் கிடைத்த பட்டம், “சீனச் சுவர்”.

அவர் பெயர் கோஷ்டோ பால்.

கிராமத்துப் பையன்

கோஷ்டோ பால் 1896-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி பிறந்தார். ஊர், வங்காளத்தில் பரீத்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த போஜேஸ்வர். அந்த ஊர் இப்போது வங்காளதேச நாட்டில் இருக்கிறது.

சிறு வயதிலேயே அவர் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். குமார்துலி என்ற பகுதியில் வளர்ந்தார். களிமண்ணால் தெய்வச் சிலை செய்யும் குயவர்கள் வாழும் இடம் அது. அங்குதான் அவர் பந்து விளையாடக் கற்றார்.

அவருக்கு 15 வயது நிரம்பும் முன்பே, கல்கத்தாவையே குலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது.

1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி. ஐ.எப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளம். மறுபக்கம் மோகன் பகான் என்ற இந்தியர் சங்கம். மோகன் பகான் ஆட்டக்காரர் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலர்கள். ஒருவர் மட்டுமே பூட்ஸ் போட்டிருந்தார்.

மோகன் பகான் 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது! அந்த ஷீல்டை வென்ற முதல் இந்தியர் அணி அதுதான். நம்மாலும் வெள்ளைக்காரனை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவியது.

அந்த நம்பிக்கை பரவிய காலத்தில்தான் கோஷ்டோ பால் வாலிபர் ஆனார்.

பின்வரிசைக்கு வந்தார்

1912-ல் அவர் மோகன் பகானில் சேர்ந்தார். அப்போது வயது 16.

அந்தக் காலத்தில் கால்பந்து அணி நிற்கும் முறையே வேறு. முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் மூன்று பேர். பின்வரிசையில் இரண்டே இரண்டு பேர். இந்த இருவருக்கு “பேக்” என்று பெயர். ஐந்து பேர் அலை அலையாகப் பாய்ந்து வருவார்கள். அவர்களை இந்த இருவர் தடுக்க வேண்டும். தவறினால், பாக்கி இருப்பவர் கோல் காப்பவர் ஒருவரே.

கோஷ்டோ பால் முதலில் நடுவரிசையில் ஆடினார். அங்கே அவர் அவ்வளவாகச் சோபிக்கவில்லை. பிறகு பின்வரிசைக்கு மாற்றினார்கள். அந்த இடம் அவருக்கென்றே அமைந்ததுபோல் ஆயிற்று.

நல்ல உயரம். அகன்ற மார்பு. பலமான கால்கள். பந்து எங்கே வரும் என்று முன்னதாகவே கணித்து, அங்கே போய் நிற்பார். எதிரி வந்து சேரும்போது பந்து அவரிடம் இருக்காது. கோஷ்டோ பாலின் காலில் பட்டு மைதானத்தின் மறுகோடிக்குப் பறந்திருக்கும்!

பூட்ஸும் வெறுங்காலும்

வெறுங்காலால் பூட்ஸ் காலை எதிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பூட்ஸின் அடியில் கட்டைகள் இருக்கும். அது மிதித்தால் கால் விரல் நசுங்கும். கணுக்காலில் பட்டால் எலும்பே முறியலாம். முன்வரிசைக்காரர் வளைந்து நெளிந்து தப்பிவிடலாம். பேக் அப்படித் தப்ப முடியாது. எதிரியின் காலுக்கு நேராகத் தன் காலைக் கொடுத்தாக வேண்டும்.

வெறுங்காலில் ஒரு லாபமும் உண்டு. தரை காய்ந்திருந்தால் வேகமாக ஓடலாம். சட்டென்று திரும்பலாம். ஆனால் மழை பெய்து தரை சேறானால் கால் வழுக்கும். பூட்ஸ் போட்டவன் ஊன்றி நிற்பான். கல்கத்தாவில் கால்பந்துக் காலமோ மழைக்காலம்!

இத்தனைக்கும் ஈடுகொடுத்துத்தான் கோஷ்டோ பால் ஆண்டுக்கணக்கில் ஆடினார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையே அவரைச் “சீனச் சுவர்” என்று புகழ்ந்தது. எதிராளியே கொடுத்த பட்டம் அது. அதனால்தான் அது நிலைத்தது.

எட்டாத வெற்றி

1921-ல் கோஷ்டோ பால் மோகன் பகான் அணியின் தலைவர் ஆனார். சுமார் ஐந்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1923-ல் மோகன் பகான் மீண்டும் ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே கல்கத்தா கால்பந்துச் சங்கம். அது வெள்ளைக்காரர் சங்கம். 1911-ன் அற்புதம் மறுபடி நடக்கும் என்று ஜனங்கள் திரண்டார்கள்.

ஆனால் வானம் கைவிட்டுவிட்டது. மழை கொட்டியது. மைதானம் சேற்று வயலாயிற்று. வெறுங்கால்கள் வழுக்கின. மோகன் பகான் 3-0 என்று தோற்றது.

அதே ஆண்டு பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையிலும் இறுதி ஆட்டம் வரை சென்று, ஒரு பட்டாளத்து அணியிடம் மோகன் பகான் தோற்றது. 1925-ல் சிம்லாவில் நடந்த டூராண்டு கோப்பைப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அதுவரை பட்டாளத்தாரின் கோட்டையாக இருந்த போட்டி அது.

அதே 1925-ல் ஆட்ட விதியும் மாறியது. அதற்கு முன், முன்வரிசைக்காரருக்குப் பந்து தரப்படும்போது அவருக்கும் கோலுக்கும் இடையில் எதிரணியார் மூவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் “ஆப்சைடு”. புதிய விதிப்படி இருவர் இருந்தாலே போதும். இதனால் கோல் போடுவது சுலபமாயிற்று. பேக்குகளின் வேலை இரட்டிப்பாயிற்று. அப்போது கோஷ்டோ பாலுக்கு வயது 29. அதற்குப் பிறகும் அவர் பத்து ஆண்டுகள் ஆடினார்!

இதில் ஒரு சோகம் உண்டு. இவ்வளவு பெரிய வீரர், கல்கத்தா லீக் பட்டத்தை ஒரு தடவைகூட வென்றதில்லை. ஐ.எப்.ஏ. ஷீல்டையும் வென்றதில்லை. மோகன் பகானின் முதல் ஷீல்டு வெற்றி அவர் வருவதற்கு முந்தையது. முதல் லீக் வெற்றி 1939-ல், அவர் விலகிய பிறகு. பலமுறை இரண்டாம் இடம் வரை வந்து, கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிற்று.

ஆனாலும் ஜனங்கள் அவரை மறக்கவில்லை. தோற்ற நாளிலும் அவர் தலைகுனியாமல் நின்றதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

இலங்கைக்குப் போனார்

1933-ல் இந்திய அணி ஒன்று கடல் கடந்து இலங்கைக்குச் சென்றது. அதற்குத் தலைவராகக் கோஷ்டோ பால் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் அணியை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 36 முடிந்து 37 நடந்துகொண்டிருந்தது. பலர் ஆட்டத்தையே மறந்துவிடும் வயது அது.

கால்பந்தோடு அவர் நிற்கவில்லை. ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடினார்.

படுத்தே காட்டிய எதிர்ப்பு

1935-ல் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அது முடிந்த விதத்தைக் கல்கத்தா ரசிகர்கள் கதை போல் சொல்வார்கள்.

வெள்ளைக்காரர் அணியோடு ஆட்டம். நடுவரின் தீர்ப்புகள் ஒருதலையாக இருந்தனவாம். மோகன் பகான் வீரர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கோஷ்டோ பாலும் தோழர்களும் மைதானத்திலேயே படுத்துவிட்டார்களாம்! யாரையும் அடிக்கவில்லை. யாரையும் வையவில்லை. ஆட மறுத்துப் படுத்தார்கள். அதன் பிறகு அவர் ஆட்டத்திலிருந்து விலகினார் என்று சொல்லப்படுகிறது.

இருபத்துமூன்று ஆண்டுகள் விழாமல் நின்ற சுவர், நியாயத்துக்காகத் தானாகவே தரையில் சாய்ந்தது!

தேடி வந்த மரியாதை

1947-ல் நாடு சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றது. அங்கும் நம்மவர் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். உலகமே வியந்தது. கோஷ்டோ பால் காலத்து மரபின் தொடர்ச்சி அது.

1962-ல் இந்திய அரசு கோஷ்டோ பாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கால்பந்து வீரர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. லீக் கோப்பை கிட்டாத கைக்கு நாட்டின் விருது கிட்டியது.

1976 ஏப்ரலில், கல்கத்தாவில் அவர் காலமானார். வயது 79.

கல்கத்தா மைதானத்தின் அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள். ஒரு சாலைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1998-ல் அவர் படம் பொறித்த தபால் தலை வெளிவந்தது.

குமரிக் கரையில்...

2020-ல் ஏ.டி.கே. மோகன் பகான் என்ற பெயரில் ஆடிய அணியில் ஒரு தமிழர் இடம்பெற்றார். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் அவர். கோஷ்டோ பால் உடுத்திய பச்சை, செம்பழுப்பு நிறங்களைக் குமரிக் கரைப் பிள்ளை ஒருவரும் உடுத்தினார்!

இன்று நல்ல பூட்ஸ் கிடைக்கிறது. நல்ல மைதானமும் பயிற்சியும் கிடைக்கின்றன. ஆனால் அலை வரும்போது கரையில் சுவர் வேண்டும். அது போல, எந்த ஆட்டத்துக்கும் பின்னால் நிற்க ஒருவர் வேண்டும்.

அடுத்த முறை மணலில் ஆடும்போது பின்னால் நிற்கச் சொன்னால், பிள்ளைகள் முகம் சுளிக்க வேண்டாம். கோஷ்டோ பால் நின்ற இடம் அதுதான்!