பறவைகளின் உறவுவழி காட்டிய அறிஞர் சாலிம் அலி

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்குக் குளமும் வாய்க்காலும் புதியன அல்ல. வாய்க்கால் தூர்ந்துபோன குளம் அன்றே வற்றிவிடுவதில்லை. சில காலம் நீர் நிற்கும். பின் பாசி படரும். முடிவில் வெடித்த தரையே மிஞ்சும். உயிரினங்களின் நிலையும் அத்தகையதே. ஓரினப் பறவைகள் பல இடங்களில் கூட்டங்களாகப் பிரிந்து வாழினும், அக்கூட்டங்களுக்கிடையே கொள்வினை கொடுப்பினை நிகழும் வரை அவ்வினம் தழைக்கும். இடைவழி அறுபட்டால், தனித்துவிட்ட சிறு கூட்டம் தன்னுள்ளேயே இணைந்து, நோயையும் காலநிலை மாற்றத்தையும் தாங்கும் வலிமையைத் தலைமுறைதோறும் இழக்கும். இவ்வுறவினை அறிவியலார் மரபணுத் தொடர்பு என்பர். மரபணு ஆய்வு வளராத நாளிலேயே, எந்தப் பறவை எங்குள்ளது, எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை நாடெங்கும் நடந்து பதிவு செய்த பெருந்தகை டாக்டர் சாலிம் அலி ஆவார்.

சாலிம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தந்தையையும் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமாகக் காணும் குருவியாக இல்லாமையால், இதனை உண்பது மார்க்கத்தில் ஆகுமா என்ற ஐயம் எழுந்தது. மாமனிடம் கொண்டு சென்றார். மாமனோ அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். கழகச் செயலாளர் மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். உண்ணத் தகுமா என்ற கேள்வியோடு சென்ற சிறுவன், இது எந்த இனம் என்ற கேள்வியோடு திரும்பினான். அக்கேள்வியே அவர்தம் வாழ்வாயிற்று.

ஆயினும் வழி எளிதாக அமையவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, 1914-இல் குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவிற்குச் சென்றார். திரும்பிய பின் 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் அவருக்குப் பணி கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர்ப் பெர்லினுக்குச் சென்று பேரறிஞர் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியலை முறையாகக் கற்றார். 1930-இல் தாயகம் திரும்பியபோது அவர் வகித்த பதவியே நீக்கப்பட்டிருந்தது. மனந்தளராமல் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளின் கூடுகளை நாள்தோறும் நோக்கி, அவற்றின் இல்வாழ்வைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அறிஞருலகில் அவருக்கு இடம் தேடித் தந்தது.

அதன்பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியினை மேற்கொண்டார். ஊதியம் வேண்டாம், செலவு மட்டும் போதும் என்ற அளவிலேயே அப்பணி நடைபெற்றது. தெஹ்மினா அம்மையார் காடுகளிலும் கூடாரங்களிலும் உடன் வாழ்ந்து துணை நின்றார். 1939-இல் அறுவை மருத்துவம் ஒன்றன் பின் அவர் மறைந்தது சாலிம் அலியின் வாழ்வில் ஆறாத் துயராயிற்று. எனினும் ஆய்வுப் பயணங்கள் நிற்கவில்லை.

அப்பயணங்களில் சேர்த்த ஒவ்வொரு பறவைக்கும் நாள், இடம், உயரம், அளவு ஆகியன குறிக்கப்பெற்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை இடையறுக்கும் பாலக்காட்டுக் கணவாய் பறவைகள் பலவற்றிற்கு எல்லையாக அமைவதையும் அவர் கவனித்தார். மலைச்சோலையில் மட்டுமே வாழும் பறவைக்கு, வெப்பமிகுந்த அத்தாழ்நிலம் கடலுக்கு ஒப்பாகும். நீலகிரியிலும் ஆனைமலை, பழனி மலைகளிலும் வாழும் நீலநிறச் சோலைப் பறவைகளின் மரபணுக்களை இந்நூற்றாண்டில் ஆராய்ந்தவர்கள், கணவாயின் இருபுறத்தாரும் நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்துவிட்டமையைக் கண்டனர். 2017-இல் அவற்றுக்குத் தனிப்பேரினப் பெயரும் சூட்டப்பட்டது. இயற்கை வகுத்த அப்பிரிவு ஒருபுறம் இருக்க, அண்மைக் காலத்தில் மனிதன் காடழித்ததனால் மலைப்பறவைகளிடையே புதுப்பிரிவுகள் தோன்றுவதை 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முன்னது படைப்பின் பல்வகை. பின்னது நம் கைவினை. இரண்டையும் பிரித்தறியாமல் பாதுகாப்புப் பணி செய்ய இயலாது.

பிரிவை நோக்கியவர் இணைப்பையும் நோக்கினார். இமயமலைப் பறவைகளுக்கு உறவான இனங்கள் நடுவே இல்லாமல் தென்மலைகளில் காணப்படுவது எவ்வாறு? சாத்பூரா மலைத்தொடர் ஒருகாலத்தில் பறவைகளின் பெருவழியாக இருந்தது என்னும் கருத்தை ஆதரித்து 1949-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பின்னர் உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு, வலசை வரும் பறவைகளின் கால்களில் எண் பொறித்த சிறு வளையங்களை இட்டு விடுவிக்கும் பெருந்திட்டத்தைக் கழகத்தின் வாயிலாக நடத்தினார். வளையத்துடன் பறவை மீண்டும் எங்கேனும் அகப்படுமாயின், அது கடந்த வழி வெளிப்படும். காரைக்காலுக்குத் தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேதாரணியம் கடந்தால் வரும் கோடிக்கரையின் சிறப்பை 1960-களில் உணர்த்தியவரும் அவரே. 1967-இல் அது சரணாலயமாயிற்று. அங்கும் கழகத்தார் பல்லாண்டுகள் உள்ளான் முதலிய பறவைகளுக்கு வளையமிட்டனர்.

அவர் 1930-களில் குமாயூன் மலையடிவாரத்துப் புல்வெளிகளில் மீண்டும் கண்டறிந்த ஃபின் தூக்கணாங்குருவியின் கதை ஈண்டு நினைத்தற்குரியது. அவ்வினம் மேற்கே குமாயூன் பகுதியிலும், கிழக்கே அஸ்ஸாம் பகுதியிலும் தனித்தனியே வாழ்கிறது. கிழக்குக் கூட்டத்திற்கு 1960-இல் அவருடைய உறவினரான ஹுமாயூன் அப்துல் அலி, சாலிம் அலியின் பெயரையே இட்டார். இன்று அப்பறவை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களுள் ஒன்று. உயர்ந்த புல்வெளிகள் வயலாகவும் ஊராகவும் மாறியதால் கூட்டங்கள் சிறுத்தன.

கானமயிலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இந்தியாவின் தேசியப் பறவையாக அதனையே அறிவிக்க வேண்டுமென்று அவர் பரிந்துரைத்தார். 1963-இல் மயில் அச்சிறப்பைப் பெற்றது. ஒருகாலத்தில் தமிழகம் வரை பரவியிருந்த கானமயில் இன்று ஏறத்தாழ 150 என்ற அளவிற்குச் சுருங்கிவிட்டது. அவற்றுள் மிகப்பெரும்பாலன ராஜஸ்தானத் தார்ப் பாலையில் உள்ளன. கட்சுப் பகுதியிலோ ஆண் பறவை இன்றிச் சில பெண் பறவைகளே எஞ்சின. புல்வெளி இருந்தது, காவலும் இருந்தது. ஆனால் துணை வந்து சேரும் வழி இல்லை. கூட்டத்தைக் காத்து வழியைக் காவாதொழிந்தால் விளைவது யாதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 2019 முதல் ராஜஸ்தானில் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு வளர்க்கும் முயற்சி நடைபெறுகிறது. எந்தக் கூட்டத்தை எதனோடு சேர்ப்பது என்று முடிவு செய்ய, அப்பறவைகள் முன்பு எங்கெங்கு எவ்வாறு பரவியிருந்தன என்று அறிய வேண்டும். அதற்குச் சாலிம் அலி போன்றோர் எழுதிவைத்த குறிப்புகளே துணை.

1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் எளியோர்க்கும் பறவையியலின் கதவைத் திறந்தது. டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1974-இல் நிறைவுற்றது. பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளும், 1985-இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவியும் அவரை நாடி வந்தன. பன்னாட்டுப் பரிசாகப் பெற்ற பெருந்தொகையின் பெரும்பகுதியைக் கழகத்திற்கே ஈந்தார். 1987-இல் அவர் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைக்கட்டியில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனம் அவர் பணியைத் தொடர்கிறது.

சிறகு விரித்துப் பறப்பனவற்றையும் சமுதாயங்களாகக் கருதுமாறு திருக்குர்ஆன் நமக்கு உணர்த்துகிறது. சமுதாயம் என்பது தனியொருவரால் ஆவதன்று, உறவால் ஆவது. பறவைச் சமுதாயத்தின் உறவுவழிகளை அறிந்து காப்பது அறிவுடையார் கடமையாகும். நம் அரசலாற்று முகத்துவாரத்திலும் வயல்களிலும் இறங்கும் பறவைகளை மாணவச் செல்வங்கள் நாளும் இடமும் குறித்து எழுதிவரின், அக்குறிப்பும் ஒரு நாள் அறுந்த வழியொன்றை இணைக்க உதவும். மாமனிடம் ஓர் ஐயத்தைக் கேட்ட சிறுவன் நாட்டிற்கு ஓர் அறிவுத்துறையையே வளர்த்தளித்தான். ஐயம் தோன்றுங்கால் கேட்பதற்கு நம் இளைஞர் தயங்கலாகாது. விடை சொல்லி வழிகாட்டப் பெரியோரும் பின்வாங்கலாகாது.