பாதிக் கதை சொன்ன பனாரசிதாசர்

வழுவாத சான்றோரின் வரலாறுகளை நாம் மிகுதியாகக் கேட்டிருக்கிறோம். வழுவிய பின்னர் எழுந்தவர்களின் வரலாறும் இல்லறத்தாராகிய நமக்கு வேண்டற்பாலதே. அத்தகையோருள் ஒருவர் வட இந்தியச் சமண வணிகரும் கவிஞருமாகிய பனாரசிதாசர்.

இவர் 1586-ஆம் ஆண்டு, அக்பர் ஆட்சிக் காலத்தில், கோமதி ஆற்றங்கரையிலுள்ள ஜௌன்பூர் நகரில் பிறந்தார். தந்தையார் கரக்சேன் ஸ்ரீமால் குலத்து மணி வணிகர். ஒரே மகன் தொழிலைக் கற்றுக் குடும்பத்தைத் தாங்குவான் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. மகனோ பதினான்கு, பதினைந்து வயதிலேயே காதல் களியாட்டங்களில் மூழ்கினார். கல்வியில் நாட்டம் இருந்தது. ஆயினும் அக்கல்வி ஆயிரம் பாடல் கொண்ட ஒரு சிற்றின்ப நூலாகவே விளைந்தது. இடையில் கொடிய நோய் பற்றியது. உற்றார் பலரும் அருவருத்து விலகினர். கைராபாத்தில் மனைவியும் மாமியாரும் அருகிருந்து பேணினர். நாவிதர் ஒருவரின் மருத்துவத்தால் உயிர் பிழைத்தார். பிழைத்தவர் உடனே திருந்திவிடவில்லை. பழைய வழக்கத்திற்கே திரும்பினார்.

பின்னர் ஒருநாள் கோமதி ஆற்றுப் பாலத்தில் நண்பர்களுக்குத் தம் நூலைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பொய் சொன்னவனுக்கே தீவினை உண்டெனில், ஆயிரம் பாடலில் பொய்யைப் புனைந்தவனுக்கு என்ன கதி என்னும் எண்ணம் அவர் நெஞ்சைத் தைத்தது. ஏட்டை ஆற்றில் எறிந்தார். நண்பர்கள் பதறினர், தாள்கள் தனித்தனியே மிதந்து சென்றன. அதுமுதல் நாள்தோறும் ஜினாலயம் செல்வதும் நோன்பு நோற்பதுமாக அவர் வாழ்வு மாறிற்று. தந்தையார் மனம் குளிர்ந்தது.

மனம் திருந்தியதனால் வாணிகமும் செழித்ததோ எனில், இல்லை. 1610-ஆம் ஆண்டளவில் தந்தையார் மணிகள், நெய், எண்ணெய், துணி ஆகியவற்றை ஒப்படைத்து அவரை ஆக்ராவுக்கு அனுப்பினார். சரக்கு நட்டத்தில் விலைபோயிற்று. இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த மணிகள் நழுவின. வேறு சிலவற்றை எலிகள் இழுத்துச் சென்றன. முதல் முழுவதும் அழிந்த நிலையில், மாலை வேளைகளில் காதல் கதைகளைப் பாடிக் காட்டிப் பொழுது போக்கினார். உணவுக்குக் கச்சோரி விற்கும் ஒருவரிடம் கடன் வைத்தார். சில நாள் கழித்துத் தம் வறுமையை மறைக்காமல் அவரிடம் கூறிவிட்டார். அந்த எளிய வணிகரோ இருபது ரூபாய் வரை கடனாக உண்ணலாம் என்று இடம் கொடுத்தார். ஆறேழு திங்கள் அவ்வாறு கழிந்தன. பின்னாளில் கையில் பொருள் சேர்ந்தபோது பனாரசிதாசர் 14 ரூபாய்க் கடனையும் தீர்த்தார்.

கைராபாத்திலிருந்த மனைவியிடம் தம் தோல்வியைச் சொல்ல முதலில் நாணினார். உண்மையறிந்த அம்மையார் தாம் சேர்த்து வைத்திருந்த 20 ரூபாயைக் கணவர் கையில் வைத்தார். தம் தாயாரிடம் கூறி மேலும் 200 ரூபாய் பெற்றுத் தந்தார். அதனை முதலாகக் கொண்டு அவர் மீண்டும் ஆக்ராவுக்குப் புறப்பட்டார்.

இவ்வாழ்வில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. 1623-ஆம் ஆண்டளவில் சமயசார நூலும் அதற்கு ராஜமல்லர் இயற்றிய உரையும் அவர் கைக்கு எட்டின. நம் பொன்னூர் மலையில் திருவடி வணங்கப்பெறும் ஆசாரிய குந்தகுந்தரின் நூலன்றோ அது! அது கூறும் தூய ஆன்ம நிலையை அவர் பாதியே விளங்கிக்கொண்டார். ஆன்மா தூயதெனில் பூசையும் செபமும் நோன்பும் எதற்கு என்று அனைத்தையும் கைவிட்டார். நண்பர் மூவருடன் அறைக்குள் ஆடை களைந்து, தம்மை முனிவரெனச் சொல்லிக் கூத்தாடவும் செய்தார். ஊரார் இகழ்ந்தனர். களியாட்டத்திலிருந்து மீண்டவர், மெய்ந்நூலைக் கற்றும் வழுவினார்.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1635-இல், ரூப்சந்த் பாண்டே என்னும் அறிஞர் ஆக்ராவுக்கு வந்து கோம்மடசாரத்தை விரித்துரைத்தார். சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எடுப்பித்த சாமுண்டராயரின் ஆசிரியர் நேமிசந்திரர் அருளிய நூல் அது. ஆன்மா படிப்படியாக உயரும் பதினான்கு குணஸ்தானங்களையும், ஒவ்வொரு படிக்கும் உரிய ஒழுக்கத்தையும் கேட்டபோது பனாரசிதாசரின் ஐயம் நீங்கிற்று. மேற்படியின் பெயரைச் சொல்லிக் கீழ்ப்படியை உடைத்தது தவறென உணர்ந்தார். ஐம்பது வயதை எட்டும் வேளையில் மீண்டும் மாணவராக அமர அவர் வெட்கப்படவில்லை. மறு ஆண்டே, 1636-இல், சமயசார நாடகம் என்னும் நூலை இயற்றினார். அவர் பெயரை இன்றளவும் நிலைநிறுத்தி வருவது அந்நூலே.

இல்வாழ்வில் அவர் பட்ட துயரம் பெரிது. பிறந்த ஒன்பது மக்களும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். மனைவியர் இருவர் மறைந்தபின் மூன்றாவது மனைவியும் அவரும் மட்டுமே எஞ்சினர். அந்நிலையில், 1641-இல், தம் வாழ்வை 675 பாடல்களில் எழுதினார். மனித ஆயுள் 110 ஆண்டு எனக் கொண்டு, 55 வயது வரையிலான தம் வரலாற்றுக்கு அர்த்தகதானகம், அதாவது பாதிக் கதை, எனப் பெயரிட்டார். தம் குணங்களைக் கூறியதுபோலவே குற்றங்களையும் வரிசைப்படுத்தினார். மறுபாதி அவருக்குக் கிட்டவில்லை. இரண்டொரு ஆண்டுகளுக்குள் மறைந்தார்.

மறுவாய்ப்பு என்பது வாழ்வில் ஒரே ஒருமுறை திறந்து மூடும் கதவன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நல்வழிக்கு வந்தபின்னரும் அது தேவைப்படுகிறது. அது வானத்திலிருந்தும் விழவில்லை. நோயில் பேணிய இரு பெண்டிர், கச்சோரி வணிகர், மனைவி, ஓர் ஆசிரியர் ஆகியோரின் கைகளின் வழியே வந்தது. அவரும் தம் குறையை மறைக்காது ஒப்புக்கொண்டபோதுதான் அக்கைகள் அவரை எட்டின.

நம் குடும்பங்களிலும் தொழிலில் முதலிழந்த மகன் இருக்கலாம். வழிதவறி நாணி நிற்கும் இளையோர் இருக்கலாம். அவர்கள் கதையைப் பாதியிலேயே முடித்துத் தீர்ப்புக் கூறுதல் நமக்குத் தகுமா? அந்த வணிகர் அளித்த தவணையையேனும் நாம் அவர்களுக்கு அளிப்போமாக.