அறுபது வயதில் தாயகம் திரும்பியவர்

பட்டம் பெற்றதும் கடல் கடந்து செல்ல வேண்டும் என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. போனவர் திரும்பி வர வேண்டுமா, போன இடத்திலேயே தங்கிவிடலாமா என்பது விடுதி அறைகளில் நள்ளிரவு வரை நடக்கும் வழக்கு. அவ்வழக்கில் ஒரு சாட்சியாக, திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவைச் சேர்ந்தவன். பாலாற்று நீரைத் தேக்கும் எங்கள் ஊர் ஏரியிலிருந்துதான் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்க நகருக்குக் குடிநீர் சென்றது. அதே பாலாறு வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்து, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் கடலோடு கலக்கிறது. அம்மாவட்டத்தில் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் சீனிவாசனார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கம் தோண்டத் தொடங்கியபின், ஆற்றோரத்து ஊர்களிலிருந்து ஏழைத் தமிழர்கள் வேலை தேடி எங்கள் பக்கம் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே அவர் கதை எங்களுக்கு அயலார் கதையன்று.

கோயம்புத்தூரில் படித்த நாட்களில், தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, சக மாணவர்களோடு விளையாடாமல் ஒதுங்கி நின்ற சிறுவன் அவர். படிப்பு முடிந்ததும் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தார். பின்னர் சென்னைக்கு வந்து, 1893-ல் ஓர் இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லப் பள்ளியில் அஞ்சினாரோ, அந்தப் பெயரையே இதழின் தலைப்பில் பொறித்தார். 'பறையன்' என்று பெயரிட்டார். என்னே அந்தத் துணிவு! ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவ்விதழ் நடந்தது.

1900-ல் இங்கிலாந்து செல்லும் நோக்கத்தோடு கப்பல் ஏறினார். வாழ்க்கை அவரை வேறு கரையில் இறக்கியது. 1904 முதல் தென்னாப்பிரிக்காவில், நேட்டால் பகுதி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அங்கே யாருக்காக மொழிபெயர்த்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் முதற்கப்பல் 1860 நவம்பரில் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911-க்குள் ஒன்றரை இலட்சம் பேர் அவ்வாறு போய்ச் சேர்ந்தனர். அவர்களில் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கியவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. ஊரில் சாதியால் தாழ்த்தப்பட்டவர்கள் அங்கே நிறத்தால் தாழ்த்தப்பட்டார்கள். நீதிபதியின் மொழியையும் கூலியின் மொழியையும் அறிந்தவர் இரு தரப்புக்கும் நடுவே நின்றார்.

காந்தியடிகள் அந்நாட்டிலிருந்து புறப்பட்டு, 1915 ஜனவரி 9-ல் பம்பாயில் வந்திறங்கியதை நாம் அனைவரும் அறிவோம். சீனிவாசனார் மேலும் ஆறு ஆண்டுகள் கழித்து, 1921-ல் தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது அறுபதை எட்டியிருந்தது. அவருடைய சகோதரியை மணந்தவரும் பெரும் சிந்தனையாளருமான அயோத்திதாசப் பண்டிதர் 1914-லேயே மறைந்துவிட்டார். பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழ் பிற்காலத்தில் எங்கள் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

இருபது ஆண்டுகள் அயலகத்தில் வாழ்ந்தவர், உழைத்தது போதும் என்று சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தால் யார் குறை கூறியிருப்பார்கள்? அவர் அமரவில்லை. 1923-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் எவரும் நடக்கலாம். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எவரும் நீர் எடுக்கலாம். பொது அலுவலகத்துக்குள் எவரும் நுழையலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் பிறந்தது. தெருவில் நடப்பதற்கும் தண்ணீர் மொள்வதற்கும் சட்டம் வேண்டியிருந்த நாடு அது! மைசூர் சமஸ்தானத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அவ்வாணை செல்லாது. ஆயினும் பாலாற்றின் கீழ்க்கரை மக்களுக்கு அது ஒரு பிடிமானம் ஆயிற்று.

1930-லும் 1931-லும் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளுக்கு, டாக்டர் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாகச் சென்றார். இளமையில் எட்ட முடியாமற்போன இங்கிலாந்தை, எழுபது வயதில் மக்களின் தூதராக எட்டினார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். 1939-ல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார்.

இனி நம் வழக்குக்கு வருவோம். எங்கள் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. அன்று முதல் தங்கவயல் இளைஞர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் வெளிநாடு போகிறார்கள். போகாதே என்று நான் யாரையும் தடுக்க மாட்டேன். வயிறு கேட்கும் கேள்விக்கு ஊர்ப்பற்று விடையாகாது. தம்மை இழிவுபடுத்திய ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்று கட்டளையிடும் உரிமையும் எவருக்கும் இல்லை.

ஆனால் சீனிவாசனார் திரும்பி வராமல் டர்பனிலேயே இருந்திருந்தால், 1924-ல் அந்தத் தீர்மானத்தைச் சென்னையில் கொண்டுவந்தவர் அவராக இருந்திருக்க முடியாது. திரும்பியவர் பெட்டியில் என்ன கொண்டுவந்தார் என்று கேட்பதே நம் வழக்கம். திரும்பியபின் யாருக்கு எந்தக் கதவைத் திறந்தார் என்று கேட்போமானால், விடுதி அறை வழக்குக்குப் பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும். மீதிப் பாதியை அவரவர் தம் வாழ்வில் எழுதட்டும்.