சாயக்கை டாக்டர் பால் எர்லிச்



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டதும், வழக்கம்போல ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேனாவை எடுத்ததும் மனசு வேறு பக்கம் போய்விட்டது. டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்து, திருப்பூரில் ஒரு சாய ஆலையில் வேலை பார்க்கிற நான், ஒரு ஜெர்மன் டாக்டரின் கதையைச் சொல்லப் போகிறேன். இவனுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

நான்கு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்கு 2019-ல் மூளையில் கட்டி வந்தது. பெயர் வேண்டாம், எங்கள் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். கிளையோபிளாஸ்டோமா என்றார்கள். மூளைப் புற்றுநோய்களில் மிகவும் வேகமானது. ஆபரேஷன், கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் ஆயிற்று. ரத்தப் புற்றுநோய்க்கும் மார்புப் புற்றுநோய்க்கும் குறி பார்த்து அடிக்கிற புது மருந்துகள் வந்துவிட்டனவே, இதற்கு ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதுமான அளவு போவதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். பதினாலு மாசம் இருந்தான் நண்பன். அந்தத் தடையைக் கண்டுபிடித்தது யார் என்று தேடிப் போனபோதுதான் பால் எர்லிச் எனக்குக் கிடைத்தார். மனுஷர் நம்ம ஆள்! சாயக்காரர்!

1854 மார்ச் 14-ல் அன்றைய பிரஷ்யாவின் ஷ்ட்ரேலன் என்ற சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் எர்லிச் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. மருத்துவம் படிக்கச் சேர்ந்தவருக்குப் பாடத்தைவிடச் சாயத்தின் மேல்தான் ஆசை. அனிலின் சாயங்கள் ஜெர்மன் ஆலைகளில் புதிது புதிதாக வந்துகொண்டிருந்த காலம் அது. உறவினரான கார்ல் வைகர்ட் என்ற நோயியல் அறிஞர், நுண்ணோக்கியில் திசுக்களைச் சாயமேற்றிப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். அவ்வளவுதான், எர்லிச்சின் விரல்கள் எப்போதும் பல நிறத்தில் இருக்க ஆரம்பித்தன. 1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த டாக்டர் பட்ட ஆய்வும் திசுக்களுக்குச் சாயமேற்றுவது பற்றித்தான்.

நம் ஆலைக்கு வரும் ஜூனியர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது என்ன? பருத்தி பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம், பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். மாற்றிப் போட்டால் ஷேடு பிடிக்காது, தொட்டித் தண்ணீரோடு போய்விடும். எர்லிச் பார்த்ததும் இதைத்தான். ஒரு சாயம் ஒரு வகை அணுவில் மட்டும் பிடிக்கிறது, பக்கத்து அணுவை விட்டுவிடுகிறது. அப்படியானால் நோய்க்கிருமியில் மட்டும் ஒட்டி, உடம்பை விட்டுவிடுகிற ஒரு பொருளைச் செய்தால் என்ன? குறி தவறாத அந்த மருந்துக்கு மந்திரத் தோட்டா என்று பெயர் வைத்தார். இன்றைய குறிவைத்த சிகிச்சை எல்லாம் இந்த எண்ணத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

1885-ல் பெர்லினில் வேலை பார்த்தபோது, உயிருள்ள விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் நிறம் ஏறாமல் வெளுப்பாகவே இருந்தது. மருத்துவ வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அதற்கு எர்லிச் சொன்ன காரணம் ஒரு சாயக்காரரின் காரணம். மூளைத் திசுவுக்கு இந்தச் சாயத்தின் மேல் நாட்டம் இல்லை, அதனால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். பாலியஸ்டரில் ரியாக்டிவ் சாயம் பிடிக்காத மாதிரி!

அதன்பின் அவர் வாழ்க்கை மேடும் பள்ளமுமாகப் போயிற்று. காசநோய்க் கிருமிக்குச் சாயமேற்றும் முறையை 1882-ல் மேம்படுத்திக் கொடுத்தவர், சில வருஷம் கழித்துத் தன் சளியிலேயே அந்தக் கிருமியைப் பார்த்தார். 1888-ல் எகிப்துக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். வந்தவருக்கு வேலை இல்லை. சொந்தமாக ஒரு சின்ன ஆய்வகம் வைத்துக் காலம் தள்ளினார். பிறகு ராபர்ட் கோக் தன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரத்தை அளந்து தரப்படுத்தும் முறையைத் தந்தார். 1899-ல் பிராங்க்பர்ட்டுக்குப் போய் ஆய்வு நிறுவனத் தலைவரானார். நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு, மெச்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞரோடு பகிர்ந்து கிடைத்தது.

ஆள் எப்படி என்று கேட்டால், ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர். யாரிடமாவது பேசும்போது படம் போட்டு விளக்காமல் இருக்க முடியாது. காகிதம் இல்லாவிட்டால் மேஜை விரிப்பிலேயே வரைவார். சும்மா சொல்லக் கூடாது, நம் துறையிலும் இப்படி இரண்டு பேர் இருந்தார்கள்!

மந்திரத் தோட்டாவை அவர் மறக்கவில்லை. 1906-ல் ஒரு வங்கிக் குடும்பத்து அம்மையார் கொடுத்த நன்கொடையில் கியோர்க் ஷ்பெயர் இல்லம் என்ற ஆய்வகம் கிடைத்தது. பெர்ட்ஹைம் என்ற வேதியியலாளர் ஆர்செனிக் சேர்ந்த பொருள்களை வரிசையாகச் செய்துகொண்டே போனார். 606 என்ற எண் போட்ட பொருள் முதல் சோதனையில் பயனில்லை என்று ஒதுக்கப்பட்டது. 1909-ல் ஜப்பானிலிருந்து வந்த சஹாச்சிரோ ஹட்டா பொறுமையாக மறுபடி சோதித்தார். சிபிலிஸ் நோய்க்கு அது வேலை செய்தது. 1910-ல் சால்வர்சன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே சுமார் 65,000 மருந்துக் குப்பிகளை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பலனைத் தெரிந்துகொண்டார் எர்லிச்.

ஆனால் மூளை மறுபடியும் குறுக்கே வந்தது. சால்வர்சன் போட்டுக்கொண்ட சிலருக்கு, உடம்பில் நோய் அடங்கிய பிறகு நரம்புகளில் தலைகாட்டியது. மருந்தின் நச்சுதான் காரணம் என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். எங்கோ தப்பிப் பிழைத்த கிருமிகள்தான் காரணம் என்று எர்லிச் வாதாடினார். மூளைக்குள் போன சிபிலிஸுக்கு அந்தத் தோட்டா சரியாக எட்டவே இல்லை.

ஏன் எட்டவில்லை? அவரோடு பணியாற்றிய எட்வின் கோல்ட்மன் என்ற அறுவை மருத்துவர் எளிமையான ஒரு சோதனை செய்தார். சாயத்தை ரத்தத்தில் விடாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்தில் விட்டார். இப்போது மூளை நன்றாக நிறம் ஏறியது, உடம்பு அப்படியே இருந்தது! 1913-ல் இதை வெளியிட்டார். மூளைக்குச் சாயத்தின் மேல் நாட்டம் இல்லாமல் இல்லை. சாயம் அங்கே போய்ச் சேரவே இல்லை. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. 1967-ல் அமெரிக்காவில் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, மூளையின் நுண்குழாய்ச் சுவரில் அணுக்கள் இடைவெளி இல்லாமல் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள்.

எர்லிச் 1915 ஆகஸ்ட் 20-ல் காலமானார். ஹிட்லர் ஆட்சியில் பிராங்க்பர்ட்டில் அவர் பெயரில் இருந்த தெருவுக்குப் பெயரை மாற்றினார்கள், யூதர் என்பதற்காக. பின்னாளில் அதே ஜெர்மனி 200 மார்க் நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

அவருடைய எண்ணம் இன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது! 2001-ல் வந்த இமாட்டினிப் மாத்திரை ஒருவகை ரத்தப் புற்றுநோயையே அடக்கி வைத்தது. அதே மாத்திரையைக் கிளையோபிளாஸ்டோமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. சுவரைத் தாண்டி உள்ளே நுழையும் மருந்தையும் பிடித்து வெளியே தள்ளும் பம்புகள் அங்கே இருக்கின்றன. கட்டியின் நடுவில் சுவர் ஒழுகினாலும், ஓரத்தில் நல்ல மூளைக்குள் ஊடுருவிய அணுக்களைச் சுற்றிச் சுவர் உறுதியாக நிற்கிறது. கத்திக்கும் எட்டாத அணுக்கள் அவைதான். போதாததற்கு, ஒரே கட்டிக்குள் பலவகை அணுக்கள். சுவர் மட்டுமே வில்லன் இல்லை.

என் நண்பன் சாப்பிட்ட டெமோசோலமைடு, குறிவைத்த மருந்தே அல்ல. மூளைக்குள் போகக்கூடிய சின்ன மூலக்கூறு என்பது அதன் பலம். கதிர்வீச்சோடு அதைச் சேர்த்தபோது சராசரி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதம் ஆனது என்று 2005-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இரண்டரை மாதம். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன எண். அந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும் அதன் விலை.

நல்ல செய்தியும் உண்டு. 2015-ல் கனடாவின் டொரண்டோவில், ஒலி அலையைக் குவித்துச் சுவரைச் சற்று நேரம் திறந்து பார்த்தார்கள். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வொராசிடெனிப் என்ற மருந்து, மூளைக்குள் நுழைய வேண்டும் என்று திட்டமிட்டே வடிவமைக்கப்பட்டது. மெதுவாக வளரும் ஒருவகை மூளைக்கட்டிக்குத்தான் அது, நண்பனுக்கு வந்த வகைக்கு இல்லை. ஆனால் வழி தெரிகிறது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எர்லிச் மாதிரி மேதையே, மூளை நிறம் ஏறாததைப் பார்த்துவிட்டு, ஒட்டவில்லை என்று நினைத்தார். போய்ச் சேர்ந்ததா என்று தனியாகக் கேட்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது. ஆலையில் ஷேடு பிடிக்காத நாளில் நானும் இப்போதெல்லாம் சாயத்தைத் திட்டுவதற்கு முன், துணிக்குள் சாயம் போயிற்றா என்று முதலில் பார்க்கிறேன். மூளை மருந்துக்கு டாக்டர்கள் மட்டும் போதாது. வேதியியல், துணியியல், ஒலி, பம்பு படித்தவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. நம் கல்லூரியிலிருந்து ஒருவராவது அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது என் ஆசை. போகிறவர் என்னிடம் வந்து சொல்லுங்கள். அவன் வீட்டுக்கு நானே போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவேன்.