ஆர்கன் மேதை கவாயே-கோல்

திருவழிபாட்டு இசைக்குத் தொண்டு செய்தவர்கள் என்றதும் பாடல் இயற்றியவர்களையும் பாடியவர்களையும் நினைக்கிறோம். கருவியைச் செய்து கொடுத்த கைவினைஞனை யார் நினைக்கிறார்கள்? அத்தகைய ஒருவரே அரிஸ்தீத் கவாயே-கோல்.

இவர் 1811 பிப்ரவரி 4 அன்று தென் பிரான்சிலுள்ள மோன்பெலியே நகரில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் ஆர்கன் செய்பவர்கள். துலூஸ் நகரில் தந்தையாருடன் உழைத்து வந்த காலத்தில், அங்கு வந்த இத்தாலிய இசைமேதை ரோசினி இவருடைய திறமையைக் கண்டு, பாரிசுக்கு வருமாறு தூண்டினார். 1833ல் பாரிசு சேர்ந்தார். பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகள் உள்ள சான் தெனி ஆலயத்திற்கு அப்போது புதிய ஆர்கன் செய்யத் திட்டம் கேட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே வரைந்து கொடுத்தார். வேலை அந்த 22 வயது வாலிபருக்கே கிடைத்தது!

ஆனால் ஒரு சிக்கல். நம் ஆலயங்களில் உள்ள ஆர்மோனியத்தின் கட்டையை ஒரு குழந்தைகூட அழுத்தலாம். பெரிய ஆர்கனிலோ ஒரு கட்டை பல அடைப்பான்களைக் காற்றழுத்தத்தை எதிர்த்துத் திறக்கவேண்டும். கட்டை வரிசைகளை இணைத்தால் விரல் நொந்துவிடும். இதற்கு மாற்று கண்டவர் பார்க்கர் என்ற ஆங்கிலேயர். அவருடைய கருவியைத் தாய்நாட்டில் ஏற்பார் இல்லை. அதன் அருமையை உணர்ந்த கவாயே-கோல், 1841ல் முடித்த சான் தெனி ஆர்கனில் அதைப் பொருத்தினார். விரல் ஒரு சிறு அடைப்பானை மட்டும் திறக்கும். காற்று புகுந்து ஒரு குட்டித் துருத்தி உப்பும். பளுவை அந்தத் துருத்தியே இழுக்கும். காற்றே காற்றுக்கு வேலைக்காரன் ஆயிற்று.

பாரிசின் சான் சுல்பீஸ் ஆலயத்தில் கிளிக்கோ என்பவர் 1781ல் செய்த ஆர்கன் இருந்தது. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. எல்லாவற்றையும் பிரித்தெறிந்து புதிதாகச் செய்வது எளிது. அவரோ கிளிக்கோவின் குழல்களில் பலவற்றைக் காப்பாற்றித் தம் குழல்களோடு சேர்த்தார். 1862ல் ஐந்து கட்டை வரிசைகளும் நூறு ஸ்டாப்புகளும் கொண்டு அது முழங்கியது. முன்னோர் உழைப்பை மதித்த இந்தப் பண்பையே அவருடைய பெருமைகளில் முதலாவதாக நான் வைப்பேன். விதோர் என்ற இசைப்புலவர் 1870 முதல் 1933 வரை அந்த ஆர்கனை வாசித்தார். 1868ல் நோத்ர்தாம் பேராலய ஆர்கனையும் கவாயே-கோல் இவ்வாறே புதுப்பித்து முடித்தார்.

கணக்கு வழக்கில் மட்டும் அவர் கெட்டிக்காரர் அல்லர். ஏறத்தாழ 500 ஆர்கன்கள் செய்தும் கடன் தொல்லை விடவில்லை. 1898ல் பட்டறை கைமாறியது. 1899 அக்டோபர் 13 அன்று, 88ஆம் வயதில், வறுமையில் இறைவனடி சேர்ந்தார்.

குட்டித் துருத்திகளுக்கு உறை மெல்லிய தோல். அது காய்ந்து வெடித்தால் காற்று கசியும். தொட்ட கட்டை ஊமையாகும். ஆகவே இத்தகைய ஆர்கனைத் தலைமுறைக்கு ஒருமுறையாவது பிரித்து, தோல் மாற்றிப் பூட்டவேண்டும். சான் சுல்பீசில் அவருடைய துருத்திகள் இன்றும் இயங்குவது அத்தகைய பராமரிப்பினால்தான்.

நோத்ர்தாம் ஆர்கனுக்கு வந்த சோதனை வேறு. அதன் இயக்கம் இருபதாம் நூற்றாண்டிலேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. 2019 ஏப்ரல் 15 அன்று பேராலயக் கூரை எரிந்தபோது ஆர்கன் தீக்கு இரையாகவில்லை. ஆனால் உருகிய கூரையின் ஈயத்தூசி எங்கும் படிந்தது. 2020ல் சுமார் 8000 குழல்களையும் இறக்கி, பட்டறைகளுக்கு அனுப்பித் துடைத்தார்கள். மீண்டும் ஏற்றியபின், பகலில் கட்டட வேலையின் இரைச்சல் இருந்ததால், இரவு நேரங்களில் ஒவ்வொரு குழலாகச் சுருதி சேர்த்தார்கள். அதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று.

2024 டிசம்பர் 7 அன்று பேராலயம் திறக்கப்பட்டபோது, பாரிசுப் பேராயர் ஆர்கனை விழித்தெழுமாறு எட்டு முறை அழைத்தார். எட்டு முறையும் ஆர்கன் மறுமொழி கொடுத்தது.