ரோடு யாருக்கு? – இரட்டைமலை சீனிவாசன்

சிவில் முடிச்சுட்டுப் பதினைந்து வருஷமாக ரோடு வேலையில் இருக்கிறேன். ரோட்டின் அகலம், சரிவு, ஜல்லி, தார் எல்லாம் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் யார் யார் நடக்கலாம் என்பது மட்டும் பாடத்தில் இல்லை. ஒரு காலத்தில் அது பெரிய கேள்வி. அதற்குச் சென்னை மாகாணத்தில் எழுத்துபூர்வமாக விடை வாங்கித் தந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்.

1860-ல் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது கோயம்புத்தூரில். சுமார் 400 மாணவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தவிர எல்லாரும் பிராமணர்கள். தன் ஜாதி தெரிந்தால் அவமானப்படுத்துவார்களே என்று பயந்து யாரோடும் விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து படித்துவிட்டு, அப்புறம்தான் வகுப்புக்குள் போவாராம். மெஸ்ஸிலும் கிரவுண்டிலும் கிடைச்ச நட்புதான் நம்மை இந்த ரீயூனியனுக்கு இழுத்து வந்திருக்கு. அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனியில் கணக்கர் வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்து, 1893 அக்டோபரில் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். பள்ளியில் ஜாதியை மறைத்த பையன், அதையே பத்திரிகைக்குத் தலைப்பாகப் போட்டார்! 1904 வாக்கில் தென்னாப்பிரிக்கா போய், அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஊர் திரும்பியபின் 1923-ல் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். வயது அறுபதைத் தாண்டியாச்சு. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில்தான் அவருடைய பெரிய வேலையே ஆரம்பித்தது.

1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது ரோடு, தெரு, நடைபாதை எதிலும் தாழ்த்தப்பட்டோர் நடக்கத் தடை இல்லை. பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொது இடங்கள் எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே அவர்களுக்கும் உண்டு என்பதுதான் சாரம். தீர்மானம் நிறைவேறி, செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வெளிவந்தது. அதே வருஷம் பக்கத்துத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள ரோட்டில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்து கொண்டிருந்தது. தந்தை பெரியார் சிறைக்குப் போனதும் அந்த ரோட்டுக்காகத்தான்.

ஒரு அரசாணையால் எல்லாம் மாறிடுச்சா என்று கேட்பீர்கள். மாறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், தீர்மானம் ஒரு எஸ்டிமேட். அரசாணை ஒர்க் ஆர்டர். மீறினால் தண்டனை என்று சட்டம் வந்தால்தான் வேலைக்குப் பிடிமானம். அந்தச் சட்டம் 1938-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் வந்தது. ஆனால் முதல் கோடு போட்டிருக்காவிட்டால் அடுத்த கோடு எங்கிருந்து இழுப்பது?

1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. அந்த ஒப்பந்தப்படி மாகாண சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு மொத்தம் 148 இடங்கள், சென்னைக்கு 30. சட்டம் எழுதும் இடத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்பதைத் தன் அனுபவத்தில் அறிந்தவர் அவர்.

1945 செப்டம்பரில் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. 1950-ல் அமலான அரசியலமைப்பின் 15-வது பிரிவில் கிணறு, குளம், ரோடு என்று வரிசையாக வருவதைப் படித்தால், 1924 தீர்மானம்தான் ஞாபகம் வரும். ஒரு மாகாணம் தனக்காக எழுதிக்கொண்டதைப் பிறகு ஒரு தேசமே எழுதியது. 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது.

வேலைக்காகப் போன சில ஊர்களில், ஊர்த்தெரு வரை தார் ரோடு வந்து, காலனிக்குத் திரும்பும் இடத்தில் மண்பாதை ஆவதைப் பார்த்திருக்கிறேன். நடக்கக் கூடாதென்று இப்போது யாரும் போர்டு வைப்பதில்லை. ரோட்டை முன்னாடியே நிறுத்தினால் போதும். தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள்தான் டிராயிங் போடப் போறீங்க. கோட்டை முடிக்கும் முன் அதற்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பெரியவர் வாங்கித் தந்த உரிமை அதுவரை போய்ச் சேரட்டும்.